சுட்டிக் குழந்தையோடு கேரவன் டிரிப்பா? புக் பண்ணும் முன் வாசலைப் பாருங்க!

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோவும் ஹீரோயினும் ஓய்வெடுக்கும் ஏ.சி வண்டி. பிரிட்டனில் கேரவன் என்றால் நடுத்தரக் குடும்பத்தின் கோடை விடுமுறை. அதனால்தான், ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாவிடம், "அடுத்த மாசம் நாம எல்லாரும் நாலு நாள் கேரவன்ல போய்த் தங்கப்போறோம்மா" என்று சொன்னால், முதல் கேள்வி இப்படித்தான் வரும்: "ஏண்டி, அதுக்குள்ள பாத்ரூம் இருக்குமா?"

நியாயமான கேள்வி. விளம்பரப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைய தலைமுறை கேட்க மறந்துவிடும் கேள்வியும்கூட.

லெஸ்டரில் வசிக்கும் அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவன், மனைவி, கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் பாட்டி, ஒன்றே முக்கால் வயதுப் பேரன். பேரன் நடக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. ஓட ஆரம்பித்து மூன்று மாதம். நில் என்றால் நிற்பது மட்டும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

மருமகனின் போனில் கடலோர ஹாலிடே பார்க் ஒன்று திறந்திருக்கிறது. சறுக்குகளோடு நீச்சல் குளம், இரவில் ஷோ, விளையாட்டு ஆர்கேட் எல்லாம் உண்டு. மகளின் போனில், பண்ணைக்குள் ஐந்தே ஐந்து வண்டிகள் நிற்கும் அமைதியான புல்வெளி. பக்கத்தில் ஆட்டுக்குட்டிகள். இரண்டு பேருமே குழந்தையை நினைத்துத்தான் தேடுகிறார்கள். ஆனால், இரண்டு போன்களில் இருக்கும் படங்களிலும் ஒன்று மட்டும் இல்லை. அவர்கள் தங்கப்போகும் வண்டியின் வாசல்.

பெரிய பிள்ளைகள் பார்க் முழுக்கச் சுற்றுவார்கள். ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்கு விடுமுறை என்பது வாசலிலிருந்து ஐம்பது அடிதான். விழித்திருக்கும் நேரத்தில் பாதி அங்கேதான் போகும். அந்த ஐம்பது அடிக்குள் கார் போகும் வழி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, படிக்கட்டு எப்படி, சத்தம் எவ்வளவு... பெற்றவர்களுக்கு அது விடுமுறையா, வாட்ச்மேன் வேலையா என்பதைத் தீர்மானிப்பது இவைதான்.

எந்தக் கேரவன்?

பிரிட்டனில் கேரவன் இரண்டு வகை. ஒன்று, ஸ்டாட்டிக். அடியில் சக்கரம் இருந்தாலும் ஒரே இடத்தில் நிற்கும் நீளமான வீடு. இரண்டு, மூன்று பெட்ரூம், ஹால், கிச்சன், ஷவர், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஹாலிடே பார்க்குகளில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். மற்றொன்று, டூரிங். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், சைட்டில் ஒதுக்கிய பிட்ச்சில் நிறுத்திக்கொள்வது.

1885-ல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர், பிரிஸ்டலில் 'வாண்டரர்' என்ற வண்டியைச் செய்யச் சொல்லி, இரண்டு குதிரைகளைப் பூட்டி ஊர் ஊராகப் போனார். உல்லாசத்துக்காகவே செய்யப்பட்ட முதல் கேரவன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அவருடைய பணியாள் ஒருவர், மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய் வழியைப் பார்த்துச் சொல்வாராம். இன்றைய பெற்றோருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாட்டிலைட் மேப்பையும் போன் காலையும்தான் நம்ப வேண்டும். இரண்டையும் சரியாகப் பயன்படுத்தினாலே போதும்.

மகள் பார்த்து வைத்திருக்கும் ஐந்து வண்டி சைட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1907-ல் தொடங்கிய கேரவன் கிளப்பும் (இப்போது 'கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்'), அதைவிட ஆறு வயது மூத்த கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பும், தங்கள் உறுப்பினர்களுக்காகப் பண்ணைகளிலும் தோட்டங்களிலும் இப்படிச் சின்னச் சின்ன சைட்டுகளுக்குச் சான்று கொடுக்கின்றன. விலை குறைவு, கூட்டம் கிடையாது. அழகுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் பல இடங்களில் ஒரு குழாய், கழிவு கொட்ட ஓர் இடம், அவ்வளவுதான். டாய்லெட் பிளாக்கே இருக்காது. சொந்த வண்டியில் டாய்லெட் இருப்பவர்களுக்கான இடம் அது. பாட்டியின் கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

சொந்தமாக டூரிங் வண்டி இல்லாத, முதன்முறை போகும் குடும்பத்துக்கு ஸ்டாட்டிக்தான் சரி. இழுத்துப்போகும் அனுபவம் இல்லாதவர்கள், அழும் குழந்தையைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். கேரவனை இழுக்கும் காருக்கு வேக வரம்பும் குறைவு. சாதாரண சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60 மைல். ஓடும் கேரவனுக்குள் யாரையும் உட்காரவைக்கக் கூடாது. "மாப்பிள்ளை, நான் குழந்தையோட பின்னாடி வண்டில படுத்துக்கிட்டே வந்துடறேனே" என்ற யோசனைக்கு இடமே இல்லை.

எவ்வளவு தூரம்?

லெஸ்டர்காரர்களுக்குக் கடல் என்றாலே தூரம்தான். பிரிட்டனிலேயே கடலிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் ஊர் என்று சொல்லப்படும் கோட்டன் இன் தி எல்ம்ஸ், பக்கத்து டார்பிஷையரில்தான் இருக்கிறது. கார்ன்வால் கடற்கரைப் படங்கள் ஆளை இழுக்கும். ஆனால், அங்கே போக ஐந்து மணி நேரம் ஆகும். கோடைச் சனிக்கிழமை என்றால் அதுவும் போதாது. குழந்தையோடு போகும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்திச் சீட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்பதால், ஐந்து மணி நேரம் எளிதாக ஏழு ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல், சாவி. ஹாலிடே பார்க்குகளில் பெரும்பாலும் மாலை நான்கு மணியை ஒட்டித்தான் வண்டிக்குள் விடுவார்கள். காலையில் கிளம்பி மதியம் ஒரு மணிக்கே போய்ச் சேர்ந்தால், மதியத் தூக்கம் தூங்காத குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பார்க்கிங்கில் நிற்க நேரிடும். சாப்பாடு முடித்து, தூக்க நேரத்தில் காரைக் கிளப்பி, அது விழிக்கும்போது போய்ச் சேருகிற தூரம்தான் நல்ல தூரம். லெஸ்டரிலிருந்து லிங்கன்ஷையர் கடற்கரை இரண்டு, இரண்டரை மணி நேரம். பில்லி பட்லின் தன் முதல் ஹாலிடே கேம்ப்பை 1936-ல் திறந்த ஸ்கெக்னஸ் அங்கேதான் இருக்கிறது. மிட்லண்ட்ஸ் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கடற்கரைக்குப் போகக் காரணம் தூரம்தான், அழகு அல்ல.

கடல் பக்கத்தில் இருந்தால் போதுமா?

'பீச் இரண்டு நிமிட நடை' என்று விளம்பரத்தில் இருந்தால், மெரினாவையோ வேளாங்கண்ணியையோ மனதில் வைத்துக்கொண்டு புக் செய்யக் கூடாது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஜூன் மாதத்திலும் கடல் நீர் குளிராகத்தான் இருக்கும். குழந்தை காலை நனைக்கும், அலறும், தூக்கச் சொல்லும். மணலில் விளையாடத்தான் கடற்கரை, குளிப்பதற்கு அல்ல.

மேற்குப் பக்கம் பிரிஸ்டல் கால்வாய்க் கரையில் விஷயம் வேறு மாதிரி. உலகிலேயே மிகப் பெரிய ஓத ஏற்றத்தாழ்வு உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. சில நாள்களில் 14 மீட்டர் வரை தண்ணீர் ஏறி இறங்கும். வெஸ்டன் சூப்பர் மேர், பர்ன்ஹாம் மாதிரி ஊர்களில், நீங்கள் போன நேரத்தில் கடலே கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். மணலுக்கு அப்பால் தெரிவது சேறு. இறங்கினால் கால் புதையும். எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைக்கப்படவில்லை. குழந்தையோடு போகிறவர்கள் அன்றன்றைய ஓத நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆர்.என்.எல்.ஐ உயிர்காப்பாளர்கள் எல்லாக் கடற்கரையிலும் இருக்க மாட்டார்கள். இருக்கும் இடத்தில், சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் தண்ணீரில் இறங்கலாம்.

ஆனால், குழந்தையோடு வரும் குடும்பம் அதிகம் கவலைப்பட வேண்டியது கடலைப் பற்றி அல்ல. கடலுக்குப் போகும்போது யாராவது கையைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். பார்க்குக்கு உள்ளேயே 'ஃபிஷிங் லேக்' என்று ஒரு குளம் இருக்கும். மீன்பிடிக்க வரும் தாத்தாக்களுக்கு அது பெரிய வசதி. அவர்களுக்காகக் கரையில் மரப்பலகை மேடைகள் கட்டியிருப்பார்கள். பல இடங்களில் வேலி இருக்காது. குளக்கரை வரிசையில் இருக்கும் வண்டிகளுக்கு 'லேக் வியூ' என்று கூடுதல் கட்டணமும் உண்டு. ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும், சத்தமே வராது. இந்த வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் குளக்கரை வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சாட்டிலைட் மேப்பில் பார்க்கின் பெயரைப் போட்டுப் பெரிதாக்கினால், குளமும் ஓடையும் வண்டி வரிசைகளும் தெளிவாகத் தெரியும். புக்கிங்குக்கு முன் செலவழிக்கும் அந்தப் பத்து நிமிடம் மிக முக்கியம்.

அதே மேப்பில் சாலையையும் பாருங்கள். வண்டிக்கும் வண்டிக்கும் இடையில் ஆறு மீட்டர் இடைவெளி என்பது பொதுவான விதி. நெருப்புப் பரவாமல் இருக்க வைத்தது அது. குழந்தை ஓடும் இடமும் கார்கள் ரிவர்ஸ் எடுக்கும் இடமும் அதுவேதான். பார்க்குக்குள் மணிக்கு 5 அல்லது 10 மைல் என்று பலகை வைத்திருப்பார்கள். ரிவர்ஸில் வரும் காருக்கு அந்தப் பலகையும் தெரியாது, இரண்டரை அடி உயரக் குழந்தையும் தெரியாது. மெயின் ரோட்டை ஒட்டிய வரிசை வேண்டாம். வழி முடியும் முட்டுச்சந்தில் இருக்கும் வண்டி கிடைத்தால் நல்லது.

திண்ணைக்கு கேட் உண்டா?

ஸ்டாட்டிக் வண்டியின் தரை, நிலத்திலிருந்து இரண்டு அடிக்கு மேல் இருக்கும். வாசலில் படி வைத்திருப்பார்கள். சில வண்டிகளுக்கு மட்டும் முன்னால் மரத்தில் திண்ணை மாதிரி டெக்கிங் போட்டு, கைப்பிடியும் கேட்டும் வைத்திருப்பார்கள். கொஞ்சம் கூடுதல் பணம் கேட்பார்கள். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம். கேட் போட்ட டெக்கிங் இருந்தால் பாட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார், பேரன் உள்ளேயே விளையாடுவான், பெற்றவர்கள் சூடாக ஒரு டீ குடித்து முடிப்பார்கள். கேட் இல்லையென்றால் நான்கு நாளும் ஒருவர் பின்னாலேயே ஓட வேண்டும். யார் என்பதில் சண்டை வேறு வரும்.

கேட்டின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் தலை நுழையுமா என்பதைப் போனவுடன் பாருங்கள். டூரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வசதி. பல வண்டிகளின் கதவு, குதிரை லாயக் கதவு போல இரண்டு பாதியாகத் திறக்கும். கீழ்ப் பாதியை மூடி, மேல் பாதியைத் திறந்து வைத்தால் காற்றும் வரும், குழந்தையும் உள்ளே இருக்கும்.

தூக்கம்தான் பாதி விடுமுறை

ஜூன் கடைசியில் இங்கிலாந்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். வீட்டில் கனமான திரை போட்டுத் தூங்கவைத்துப் பழகிய குழந்தை, கேரவனின் மெல்லிய திரைக்குப் பின்னால் நாலே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலில் ஒட்டும் கறுப்புத் திரை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அவசரத்துக்குப் பாட்டியின் அடர்நிறச் சேலையும் கைகொடுக்கும்.

சத்தத்துக்கு அப்படி மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. பெரிய பார்க்குகளில் கிளப்ஹவுஸில் இரவு பத்து, பதினொன்று வரை பாட்டும் ஷோவும் நடக்கும். முடிந்து கூட்டம் பேசிக்கொண்டே திரும்பும் வழியில் உங்கள் வண்டி இருந்தால், கேரவனின் மெல்லிய சுவர் எதையும் தடுக்காது. கிளப்ஹவுஸுக்கு அருகில் என்பதை வசதியாகச் சொல்லி விற்பார்கள். குழந்தை இல்லாதவர்களுக்கு அது வசதிதான். சிலர் டாய்லெட் பிளாக்குக்கும் குப்பைத் தொட்டி வளாகத்துக்கும் பக்கத்தில் கேட்பார்கள். இரவு முழுக்க ஆள் நடமாட்டமும் மூடியை அறையும் சத்தமும் இருக்கும் இடங்கள் இவை இரண்டும்.

குழந்தையை எங்கே படுக்கவைப்பது? '6 பேர் தங்கலாம்' என்று போட்டிருந்தால், அதில் இரண்டு பேர் ஹால் சோஃபாவை விரித்துப் படுக்க வேண்டியவர்கள் என்று பொருள். டிராவல் காட் எனப்படும் மடக்குத் தொட்டில் விரித்தால் சுமார் மூன்றரை அடிக்கு இரண்டரை அடி. பல ஸ்டாட்டிக்குகளின் பெட்ரூமில் கட்டிலைச் சுற்றி அவ்வளவு இடம் இருக்காது. தொட்டில் ஹாலுக்கு வந்துவிடும். ஏழரை மணிக்குக் குழந்தை தூங்கிவிட்டால், ஹாலில் விளக்கு போட முடியாமல் பெரியவர்கள் மூன்று பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். "தொட்டில் எந்த ரூமில் நிற்கும்?" என்று புக்கிங் செய்யும்போதே கேட்டால், சரியான மாடல் வண்டியைச் சொல்வார்கள். இரண்டடுக்குக் கட்டில் இருந்தால், மேல் கட்டில் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆகாது.

குளியல் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டாட்டிக்கில் இருப்பது பெரும்பாலும் ஷவர்தான், குளியல் தொட்டி அல்ல. இந்த வயதில் நிறையக் குழந்தைகளுக்குத் தலையில் ஷவர் கொட்டினால் பயம். ஒரு பிளாஸ்டிக் டப்பும் ஒரு சொம்பும் காரில் ஏற்றினால் பாட்டியே குளிப்பாட்டிவிடுவார்.

குளிரும் காஸும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

கோடையிலும் பிரிட்டன் இரவுகள் குளிரும். கேரவனின் தரையோரத்திலோ சுவரின் கீழ்ப்பகுதியிலோ சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். அதன் வழியாகக் குளிர்காற்று வரும். குழந்தைக்கு மார்ச்சளி பிடித்துவிடுமே என்று, கும்பகோணத்துப் பாட்டி அதில் பழைய துணியைச் சுருட்டி அடைக்கத்தான் பார்ப்பார். "அத்தை, அதை மட்டும் அடைச்சுடாதீங்க" என்று மருமகன் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். காஸ் அடுப்பும் காஸ் ஹீட்டரும் உள்ள சின்ன இடத்தில் காற்றோட்டத்துக்காகவே வைக்கப்பட்ட துவாரங்கள் அவை. அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று ஆரம்பித்துத் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சின்னக் குழந்தையை அது இன்னும் வேகமாகப் பாதிக்கும்.

உள்ளே போனதும் முதல் வேலை, கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துவது. சத்தம் வரவில்லையென்றால் பெட்டியைப் பிரிக்காமல் ரிசப்ஷனுக்குப் போங்கள். குளிருக்காகக் காஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உட்காரக் கூடாது. இன்னொன்று, சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் ஒருமுறை பயன்படுத்தும் பார்பெக்யூ தட்டு. மழை வந்தால் அதைத் தூக்கி ஆனிங் கூடாரத்துக்குள் வைப்பவர்கள் உண்டு. நெருப்பு அணைந்த மாதிரித் தெரிந்தாலும் கரி கனன்றுகொண்டு அந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். உயிர்கள் போயிருக்கின்றன. வெளியே வைத்தால் அது வெளியேயே இருக்க வேண்டும். ஆறிவிட்டதா என்று குழந்தை தொட்டுப் பார்க்க முடியாத தூரத்தில்.

மின்சாரத்தில் அந்த அளவுக்கு ஆபத்து இல்லை, எரிச்சல்தான் உண்டு. டூரிங் பிட்ச்சுகளில் 10 ஆம்பியர் அல்லது 16 ஆம்பியர் இணைப்பு கொடுப்பார்கள். 10 ஆம்பியர் என்றால் சுமார் 2,300 வாட். வீட்டிலிருந்து கொண்டுபோகும் கெட்டில் ஒன்றே 3,000 வாட் இழுக்கும். போட்டால் டிரிப் ஆகிவிடலாம். ரைஸ் குக்கர் ஓடும்போது ஹீட்டரைப் போடலாமா என்று கணக்குப் பார்த்துத்தான் பட்டனைத் தொட வேண்டும்.

பண்ணை அழகுதான், ஆனால்...

மகள் ஆசைப்பட்ட பண்ணை சைட்டை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. குழந்தைக்கு ஐந்து வயதாகட்டும். இப்போதைக்கு, டிராக்டரும் சாணக் குழியும் மின்வேலியும் உள்ள இடத்தில் ஓடும் குழந்தை பத்திரமாக இருப்பது பெரியவர்களின் கண்ணை மட்டுமே நம்பி இருக்கிறது. ஆட்டுக்குட்டியைத் தொட்ட கையை வாயில் வைத்தால், ஈ.கோலை கிருமியால் சிறுநீரகம் வரை பாதிக்கப்படலாம். சானிடைசர் ஜெல் அதற்குப் போதாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். குழாய் எவ்வளவு தூரம் என்ற கேள்வி இங்கே முக்கியமாகிறது.

நியூ ஃபாரஸ்ட் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு காட்சி. அங்கே குதிரைக் குட்டிகள் அவிழ்த்துவிட்ட மாதிரித் திரியும். சைட்டுக்குள்ளேயும் வரும். பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கடிக்கும், உதைக்கும். அந்தக் காடுகளிலும் ஸ்காட்லாந்து மலைப்பகுதியிலும் உயரமான புல்லில் உண்ணிகள் உண்டு. அவற்றில் சில லைம் நோயைப் பரப்பும். மாலையில் குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் மெல்லிய முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, மெதுவாக மேல்நோக்கி இழுக்க வேண்டும். எண்ணெயும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். பின்னால் தோலில் வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள். இரவில் காய்ச்சல் வந்து என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 111; உயிருக்கு ஆபத்து என்றால் 999. இரண்டும் இலவசம். அதனால் வண்டிக்குள் போன் சிக்னல் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது போகலாம்?

குட்டிக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு. இன்னும் ஸ்கூல் இல்லை. இங்கிலாந்தில் ஜூலை கடைசியில் பள்ளி மூடி ஆறு வாரம் விடுமுறை. அந்த ஆறு வாரமும் கேரவன் வாடகை எகிறும். அதே வண்டி ஜூனிலும் செப்டம்பரிலும் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை எடுத்தால் வார இறுதியைவிடப் பெரும்பாலும் மலிவு. கூட்டமும் குறைவு. நீச்சல் குளத்தின் குழந்தைகள் பகுதியில் பெரிய பிள்ளைகள் வந்து குதிக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில பார்க்குகளில் குளத்துக்கும் ஷோவுக்கும் தனி பாஸ் வாங்க வேண்டும். இரவு ஏழரைக்குத் தூங்கும் குழந்தையின் குடும்பம் இரவு ஷோ பாஸுக்குப் பணம் கொடுப்பது வீண்.

வாடகையில் மிச்சமான பணத்தில்தான் கேட் போட்ட டெக்கிங்கும், பாட்டிக்குத் தனி பெட்ரூமும்.

லெஸ்டர் குடும்பம் கடைசியில் என்ன செய்யும்? மருமகன் சொன்ன பார்க்தான். ஆனால், அவர் பார்த்த குளக்கரை வண்டி அல்ல. லிங்கன்ஷையரில், ஜூன் மாதம், திங்கள் முதல் வெள்ளி வரை, கிளப்ஹவுஸுக்கு எதிர்க் கோடியில், முட்டுச்சந்து வரிசையில், மூன்று பெட்ரூம் வண்டி. மகள் போனைப் போட்டு ரிசப்ஷனில் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். கேட் இருக்கிறதா, தொட்டில் எங்கே நிற்கும், குளத்துக்கு வேலி உண்டா, குறிப்பிட்ட வண்டி எண்ணை உறுதி செய்ய முடியுமா? கடைசிக் கேள்விக்குச் சின்னக் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடலாம். இல்லையென்றால் போய் இறங்கும் நாளில் ஏதோ ஒரு வண்டியைக் காட்டுவார்கள். அத்தனை கேள்விகளும் வீணாகிவிடும்.

பேசி முடித்துப் போனை வைத்ததும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார்.

"பாத்ரூம் உள்ளேயே இருக்காம்மா. ரெண்டு."

"அப்ப சரி. அந்தச் சின்ன குக்கரை எடுத்து வெச்சுக்கோ. குழந்தைக்குப் பருப்பு சாதத்துக்கு அங்க எங்க போறது?"